டிரைவர் கால், கண்டக்டர் கால்

எலும்பு முறிவுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே வார்டில் நின்று ஒரு பிரசங்கம் செய்யப் பழகிவிடுவீர்கள். சொன்னபடி அசையாமல் படுத்திருந்தால் எலும்பு சீக்கிரம் கூடும், அடம் பிடித்தால் கூடாது என்கிற பிரசங்கம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனாலும் அதைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்லுங்கள். நான் உரக்கச் சொல்லிவிட்டு, ஒரு வார்டு முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்க நின்றிருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கோவையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் உதவி டாக்டர். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், இன்று அந்தக் கட்டடமும் இல்லை. பெண் டாக்டர் என்றால் பிரசவ வார்டில்தான் இருப்பாள் என்று ஊர் உறுதியாக நம்பிய காலம் அது. ஆண்கள் எலும்பு வார்டில் என்னைப் பார்த்த நோயாளிகள் நான் வழி தவறி வந்துவிட்டதாக நினைத்து, "பொம்பளைங்க வார்டு அக்கட்டால இருக்குதுங்க அம்மணி" என்று மரியாதையாக வழி காட்டுவார்கள்.

பிரிவின் தலைவரைப் பெரிய டாக்டர் என்றே எல்லாரும் சொல்வோம். பதில் தெரியாத கேள்வி வந்தால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எங்கள் தொழிலில் அந்தக் கண்ணாடி எப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

ஒரு நாள் மதியம் இரண்டு பேரை ஒரே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து கோவைக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும். தேங்காய் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று குறுக்கே திரும்பியிருக்கிறது. டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்க, பஸ் சாலையோரப் புளியமரத்தில் போய் நின்றிருக்கிறது. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. டிரைவர் ரங்கசாமிக்கு இடது தொடை எலும்பு முறிந்தது. படிக்கட்டில் தொத்திக்கொண்டிருந்த கண்டக்டர் நாச்சிமுத்து தூக்கி எறியப்பட்டார். அவருக்கும் இடது தொடைதான் முறிந்தது, அதே இடத்தில். கூடவே தலை போய்ச் சாலையில் மோதியிருந்தது.

இப்போது போல உடனே அறுத்து உள்ளே கம்பி வைப்பது எங்கள் ஆஸ்பத்திரியில் அன்று கிடையாது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓர் ஊசியைக் குறுக்கே செருகி, அதில் கயிறு கட்டி, கட்டிலுக்கு மேலே இருக்கும் மரச் சட்டத்தின் உருளை வழியாக இரும்பு எடைகளைத் தொங்கவிடுவோம். எடை காலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, எலும்பு நேராகக் கூட வேண்டும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்க வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் அதையே செய்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டோம்.

ரங்கசாமிக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. அசையாதே என்றால் ஈ உட்கார்ந்தால்கூட அசைய மாட்டார். எடைகள் நேராகத் தொங்குகின்றனவா என்று தினமும் அவரே சரிபார்த்து, ஒரு விரல் விலகியிருந்தாலும் நர்ஸைக் கூப்பிடுவார். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நோயாளி அவர்தான்.

நாச்சிமுத்துவுக்கு முப்பது வயதிருக்கும். சில நாட்கள் நினைவில்லாமல் கிடந்தார். பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அவர் மனைவி மயிலாத்தா கட்டிலடியை விட்டு நகரவில்லை. பிறகு ஒரு காலை நேரம் நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். திறந்து, தலைக்கு மேலே தொங்கிய கயிற்றைப் பார்த்தார். எட்டி ஒரு இழுப்பு இழுத்தார். எடை மேலே ஏறி இறங்கி, கட்டில் கம்பியில் டங் என்று இடித்தது.

"ரைட், போலாம்" என்றார்.

அந்தக் காலத்து பஸ்களில் கண்டக்டர் மணிக்கயிறு இழுத்துத்தான் டிரைவருக்குச் சொல்வார். உயிர் திரும்பியது, ஆனால் திரும்பி வந்த இடம் ஆஸ்பத்திரி இல்லை, அவருடைய பஸ். மயிலாத்தா அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் ரங்கசாமி, "டேய், பஸ்ஸு மரத்துல நிக்குதுடா" என்றார்.

"எந்த ஸ்டாப்பிங்குங்க அது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

அன்றிலிருந்து எங்கள் வார்டு ஓடத் தொடங்கியது. யாராவது உள்ளே வந்தால் டங், ஓல்டான். வெளியே போனால் டங், ரைட். சாப்பாட்டு வண்டி வந்தால், லக்கேஜை மேலே போடச் சொல்வார். ஒவ்வொரு முறை அவர் மணியடிக்கும்போதும், முறிந்த எலும்பு உள்ளே ஆட்டம் கண்டது. கைகளைத் துணியால் கட்டினோம். "கையக் கட்டிப்போட்டா டிக்கெட்டு எப்படிங்க கிழிக்கறது?" என்று கேட்டுவிட்டுப் பல்லாலேயே முடிச்சை அவிழ்த்தார். கயிற்றை எட்டாத தூரத்துக்கு நகர்த்தினோம். அவர் இடுப்பை நகர்த்தி எட்டினார். ஒரு விஷயம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். டங், ரைட் என்று கேட்கும்போது, தூக்கத்திலிருந்த ரங்கசாமியின் நல்ல கால் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுபோலத் தானாக ஓர் அமுக்கு அமுக்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

காலை ரவுண்ட்ஸ் போகும்போது பெரிய டாக்டர் முன்னால் நடப்பார், நான் கடைசியில். நாச்சிமுத்து கையை நீட்டி அவரை மறிப்பார். "சித்த நில்லுங்க பெரியவரே. லேடீஸ் மொதல்ல ஏறட்டும். அம்மணி, நீங்க முன்னால வாங்க." அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு முன்வரிசை கிடைத்தது அந்த ஒரு கட்டிலருகில்தான். பெரிய டாக்டர் ஒதுங்கி வழி விடுவார். இரண்டொரு வாரத்தில் அது பழக்கமாகி, மற்றக் கட்டில்களிலும் என்னை முன்னால் விடத் தொடங்கினார். நோயாளிகள் என்னிடம் நேராகப் பேச ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

இந்த நிலையில்தான் நான் என் பிரசங்கத்தைச் செய்தேன். மயிலாத்தாவிடம் சொல்வதுபோல வார்டுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"பக்கத்துல ரங்கசாமி அண்ணனைப் பாருங்க. எப்படிப் படுத்திருக்கார். அவருக்குத்தான் எலும்பு முதல்ல கூடும். உங்க வீட்டுக்காரர் இப்படி ஆடிக்கிட்டே இருந்தா வருஷமானாலும் கூடாது."

ரங்கசாமி தலையைக்கூட அசைக்காமல் பெருமைப்பட்டார். மயிலாத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரமே இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். ரங்கசாமியின் படத்தில் முறிவு முறிவாகவே இருந்தது. புது எலும்பின் சாயல்கூட இல்லை. நாச்சிமுத்துவின் படத்தில் முறிவைச் சுற்றிப் பஞ்சுப் பொதிபோலப் புது எலும்பு மூடியிருந்தது. மூன்று மாதத்தில் வர வேண்டியது மூன்று நான்கு வாரத்தில் வந்திருந்தது.

படங்கள் மாறிவிட்டன என்று நான் முடிவு செய்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். எக்ஸ்ரே அறைக்குப் போய் விளக்கம் கேட்டேன். அவர்கள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடி எடுத்தார்கள், இந்த முறை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அதே பஞ்சுப் பொதி. அதே வெறும் முறிவு.

பெரிய டாக்டர் இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"நீ ரங்கசாமிகிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டார்.

"அவருக்குத்தான் முதல்ல கூடும்னு சொன்னேன் சார்."

"சரி. நீயே போய்ச் சொல்லு."

சொன்னேன். ரங்கசாமி கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். கோபம் வந்தால் அவர் தெலுங்குக்குப் போய்விடுவார். அன்று வெகுநேரம் தெலுங்கிலேயே இருந்தார். நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சத்தம் போடாதீங்க, பேசஞ்சருங்க தூங்கறாங்க" என்று மணியடித்தார். வார்டு சிரித்தது. சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.

சிரிப்பு அதோடு நிற்கவில்லை. என் சொல்லுக்கு இருந்த மதிப்பு மறுநாளே போயிற்று. அசையாதீர்கள் என்று யாரிடம் சொன்னாலும் கண்டக்டர் கட்டிலைக் காட்டினார்கள். கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர், கணுக்கால் முறிந்து வந்தவர், ஆட்டினால்தான் கூடும்போலிருக்கிறது என்று முடிவு செய்து கட்டிலை விட்டு இறங்கி நடந்து, மாவுக்கட்டோடு கணுக்காலையும் வளைத்துக்கொண்டார். அவருக்குத் தலையில் அடி இல்லை. அந்த வித்தியாசம் எங்களுக்கே அப்போது உறைக்கவில்லை.

முதலில் அது உறைத்தது ரங்கசாமிக்குத்தான். யோசிக்க அவருக்கு நிறைய நேரம் இருந்தது. ஒரு நாள் என்னை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, ஒரே பஸ்ஸு, ஒரே மரம், ஒரே காலு. ரெண்டு பேருக்கும் ஒரே சோறு. அவனுக்கு மட்டும் மண்டையில அடி. அப்ப எச்சா இருக்கறது அது ஒண்ணுதானுங்களே?"

"அப்படித்தான் தெரியுது அண்ணா."

"அப்படின்னா எனக்கும் மண்டையில லேசா ஒண்ணு போட்டுட்டா என்னங்க? பலமா வேண்டாம். ஊட்டு ஞாபகம் இருக்கறாப்பல. உங்க கையாலயே போடுங்க, நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் கேலி செய்யவில்லை. தலையைச் சற்றுத் திருப்பி, வசதியான இடத்தையும் காட்டினார். நான் மறுத்தேன். "அடி எந்தப் பக்கம் வேலை செய்யும்னு யாருக்கும் தெரியாது அண்ணா. தலையில் அடிபட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் இந்த வார்டுக்கே வந்து சேர்றதில்லை" என்றேன். அவர் நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு விளையாட்டு நின்றது. நாச்சிமுத்துவின் தொடை வீங்கத் தொடங்கியது. கல்லைப் போன்ற கட்டி, தொட்டால் சூடு. அடுத்த எக்ஸ்ரேயில் பஞ்சுப் பொதி இன்னும் பெருத்து, ஓரமெல்லாம் கலைந்த மேகம்போலத் தெரிந்தது. மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் ஒரு சர்ஜன் இருந்தார். புற்றுநோயில் பேர் பெற்றவர், கெட்டிக்காரர், நேர்மையானவர். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது கூடுகிற எலும்பு இல்லை. எலும்புப் புற்று. இத்தனை வேகமாக வளர்வது வேறு எது? இடுப்போடு காலை எடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஆளே போய்விடுவான்" என்றார்.

ஒரு துண்டு எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தோம். நுண்ணோக்கியில் பார்த்தவர், புற்றாக இருக்கலாம் என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவசர அவசரமாக வளரும் புது எலும்பு கண்ணாடித் தகட்டில் புற்றுநோயின் சாயலில்தான் இருக்கும். அந்த இடத்தில் ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சம்மதம் வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள். பெண்ணிடம் பெண் பேசினால் கேட்பாள் என்று எண்ணம். மயிலாத்தாவை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அது அந்தச் சீக்குத்தானுங்களா?"

"பெரிய பெரிய டாக்டருங்க அப்படி நினைக்கறாங்க."

"அவங்க நெனைக்கறது இருக்கட்டும் அம்மணி. நீங்க தெனமும் தொட்டுப் பாக்கறீங்க. உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமுங்களா?"

படிப்பு முடித்துச் சில வருடங்களே ஆன ஒருத்தி அந்தக் கேள்விக்கு என்ன சொல்வாள்? ஆமாம் என்றால் வேலை முடிந்துவிடும், கைநாட்டு வந்துவிடும். இல்லை என்றால், புற்றாக இருந்து அந்த மனிதர் செத்துப்போனால், அந்தச் சாவு என் வாயிலிருந்து வந்ததாகிவிடும்.

"எனக்கு நிச்சயமாத் தெரியாதுங்க" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டார். "அப்ப நான் ரேகை வெக்க மாட்டேனுங்க. காலு அவரோடது. அவரு ஒழுங்கா இருந்தா அவரைக் கேட்டுத்தானே எடுப்பீங்க? புத்தி தெளிஞ்சு எந்திரிச்சு, என்ற காலு எங்கீன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது? பஸ்லயே உட்டுப்போட்டு வந்துட்டமுன்னா?"

உள்ளே போய்ப் பெரிய டாக்டரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நான் கெடுத்துவிட்டேன் என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"கால்ல வலின்னு சொல்றானா?"

"இல்லை சார். காலைப் பத்தியே பேசறதில்லை."

"சாப்பாடு?"

"ரெண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடறார். ரங்கசாமி வேண்டாம்னு வைக்கறதையும் சேர்த்து."

"இளைச்சிருக்கானா?"

"கன்னம் உப்பிக்கிட்டு வருது சார்."

"புத்துன்னா அது ஆளைத் தின்னணும். இவன் நம்ம சமையக்கட்டையே தின்னுட்டிருக்கான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா இதெல்லாம் சாட்சி இல்லை. தெரியுதா? நான் காத்திருக்கப் போறேன்னா, தப்பானா இந்தப் பையன் சாவான். அதை நான் தெரிஞ்சே செய்யறேன். அந்தம்மா மேலயும் போடாதே, உன் மேலயும் போட்டுக்காதே. அடுத்த தடவை அந்த சர்ஜன் வரும்போது புதுப் படம் எடுப்போம். அப்பவும் ஓரம் கலைஞ்சே இருந்தா, நானே அந்தம்மா கால்ல விழுந்து ரேகை வாங்கறேன்."

அந்த இடைவெளியில் அவர் தினமும் பல முறை வார்டுக்கு வந்தார். யாரும் கேட்காமலேயே நாச்சிமுத்துவின் தொடையைத் தொட்டுப் பார்ப்பார். நாச்சிமுத்து, "எங்க போகோணுமுங்க?" என்று கேட்பார். பெரிய டாக்டர் சில சமயம் பதிலும் சொல்வார். ஒரு நாள் பவானி என்றார். "இந்த வண்டி அந்தப் பக்கம் போகாதுங்க, எறங்கி மாத்திக்கோணும்" என்று கரிசனமாக வழி சொன்னார் நாச்சிமுத்து.

ரங்கசாமிக்கும் சேதி போயிருந்தது. வார்டில் எதையும் மறைக்க முடியாது. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் படுக்கையிலிருந்து தோளைத் தூக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சார், காலு ஒண்ணு எடுத்தே ஆகோணுமுன்னா என்றதை எடுத்துப்போடுங்க. கூடவே மாட்டேங்குதே, இதை வெச்சுட்டு நான் என்ன பண்றேன். அவன் நின்னு வேலை செய்யறவன். வண்டிய மரத்துல உட்டவன் நான்தானுங்க."

பெரிய டாக்டர் அந்தக் கையை மெதுவாக விடுவித்துக் கட்டிலில் வைத்தார். "அசையாதீங்க ரங்கசாமி" என்று மட்டும் சொன்னார்.

வெளியூர் சர்ஜன் மறுபடி வந்தார். கால் இன்னும் உடம்பில் இருப்பது தெரிந்ததும் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானது. அவர் கண்ணோட்டத்தில் நாங்கள் ஒரு வாலிபனைக் கொன்றுகொண்டிருந்தோம். வார்டின் நடுவே நின்று, தாழ்ந்த குரலில், ஆனால் ஒவ்வொரு சொல்லாக அழுத்திப் பேசினார். பெரிய டாக்டர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பெரிய டாக்டருக்குப் பின்னால் நின்றதால், சர்ஜனின் தோளுக்கு மேலாக எல்லாவற்றையும் பார்த்தேன்.

நாச்சிமுத்து கயிற்றை ஊசியிலிருந்து கழற்றிவிட்டிருந்தார். இத்தனை நாள் பழகிய முடிச்சு அது. நல்ல காலைக் கீழே வைத்தார். பிறகு முறிந்த காலை வைத்தார். எழுந்தார்.

தொடை எலும்பு முறிந்தவன் சில வாரங்களில் எழுந்து நின்றால் கால் முருங்கைக்காய்போல ஒடியும். அந்தச் சத்தத்துக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கட்டில் கட்டிலாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் நடப்பதைப்போலக் காலை அகட்டி அகட்டி வந்தார். ரங்கசாமி, "டேய், உக்காருடா, டேய்" என்று தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கூப்பிட்டார். நாச்சிமுத்து நேராகச் சர்ஜனிடம் வந்து தோளைத் தட்டினார்.

"ஏனுங்க, அப்பப் புடிச்சுப் பாக்கறேன், நின்னுட்டே பேசிட்டு வாரீங்க. டிக்கெட்டு வாங்கிட்டீங்களா?"

சர்ஜன் திரும்பினார். யார் பேசுகிறார் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. கீழே பார்த்தார். முழங்காலுக்குக் கீழே குறுக்காக ஊசி நீட்டிக்கொண்டிருந்த கால், ஆளின் எடையைத் தாங்கித் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

நாங்கள் நாலு பேர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்துப் படுக்கவைத்தோம். சர்ஜன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முறிந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்தார். அசையவில்லை. "புற்று அரித்த எலும்பு இப்படித் தாங்காது" என்றார். சற்று நிறுத்தி, "ஆனாலும் இது போதாது. படம் எடுங்கள்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

படம் ஈரம் காய்வதற்குள் மூன்று பேரும் அதன் மேல் குனிந்துவிட்டோம். கலைந்த மேகத்தின் ஓரம் அடங்கி, வரைந்து வைத்த கோடுபோலச் சுத்தமாக இருந்தது. புற்று நாளாக நாளாகக் கலையும். கூடுகிற எலும்பு நாளாக நாளாக அடங்கும். இது அடங்கியிருந்தது.

சர்ஜன் நிமிர்ந்தார். "நான் வெட்டியிருப்பேன்" என்றார்.

"நானும்தான். அந்தம்மா ரேகை வெச்சிருந்தா" என்றார் பெரிய டாக்டர்.

இருவரும் வராந்தாவுக்குப் போய் மயிலாத்தாவிடம் தாங்களே சொன்னார்கள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிங்க. இத்தனை நாளா நாங் கண்ணமூடித் தூங்கலீங்க. ஒரு எட்டுப் போயி மொகங் கழுவிட்டு வாரேன்" என்று சொல்லிப் போனார். அன்று மதியம் நாச்சிமுத்துவின் கட்டிலடியில் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். நாச்சிமுத்து மணியடிக்கவே இல்லை.

புத்தி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளிந்தது. முதலில் மணி குறைந்தது. பிறகு ஒரு காலை நேரம் பக்கத்துக் கட்டிலை உற்றுப் பார்த்தவர், "அண்ணா, நம்ம வண்டியில வந்தவிங்களுக்கு ஏதும் ஆயிப்போச்சா?" என்று கேட்டார். பேச்சில் மப்பு இல்லை. ரங்கசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று. நாச்சிமுத்து தலையாட்டிவிட்டுத் தன் காலைத் தடவிப் பார்த்தார். "இதென்னுங்க, பலாக்காயாட்ட வீங்கியிருக்குது?" என்றார். அந்தக் காலைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இங்கே உங்களில் யாராவது கைதட்டத் தயாராக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அவர் எழுந்து நேராக நின்றபோது இடது கால் இரண்டு விரல் குட்டையாக இருந்தது. இத்தனை நாள் மணியடித்ததில் முறிந்த துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அந்த நிலையிலேயே உறைந்துவிட்டன. முழங்காலும் பாதிதான் மடங்கியது, அத்தனை எலும்பு சதையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் தலை தெளியட்டும், பிறகு காலைச் சரிசெய்யலாம் என்று இருந்தோம். கால் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஆகையால் தலையிலும் காலிலும் அடிபட்டு ஒருவர் வந்தால், எல்லாரும் தலையைப் பார்த்து ஓடும்போது, உங்களில் ஒருவர் காலருகில் நில்லுங்கள். முதல் வாய்ப்பிலேயே அதை நேராக நிறுத்திவிடுங்கள். அந்த எலும்பு தப்பான இடத்திலும் அதே வேகத்தில்தான் கூடும்.

வீட்டுக்குப் போகும் நாளில் மயிலாத்தா என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க அம்மணி, மண்டையில அடிபட்டா காலு எதுக்குங்க வெரசலாக் கூடுது?"

"தெரியலீங்க."

"தெரிஞ்சா சொல்லி உடுங்க."

அதற்குப் பிறகு இப்படிப்பட்டவர்களைப் பலமுறை பார்த்தேன். எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் பார்த்தேன். அடிபட்ட மூளையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து எலும்பைத் தூண்டுகிறது என்கிறார்கள் சிலர். நரம்புகள் வழியாக என்கிறார்கள் சிலர். அதிகம் வளர்வது வேறு, உண்மையில் சீக்கிரம் கூடுவது வேறு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மயிலாத்தாவுக்குச் சொல்லியனுப்பும் அளவுக்கு எனக்கு இன்னும் தெரியவில்லை.

ரங்கசாமிக்கு எலும்பு தன் பாட்டில் மெதுவாகக் கூடியது. நாச்சிமுத்து வீட்டுக்குப் போய் வெகுநாள் கழித்துத்தான் எடையை அவிழ்த்தோம். நிற்கவைத்தபோது பெரிய டாக்டரையே அளந்து பார்க்கச் சொன்னார். இரண்டு காலும் ஒரே அளவு. "நூல் பிடிச்சாப்பல இருக்கு" என்றார் பெரிய டாக்டர். ரங்கசாமி வார்டு முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார், என்னையும் சேர்த்து.

அவரைக் கூட்டிப்போக நாச்சிமுத்து வந்திருந்தார், சாய்ந்து சாய்ந்து நடந்தபடி. வாசல் படியில் கைத்தாங்கல் கொடுக்க வந்தவரை ரங்கசாமி உதறினார். "போடா. நேரான காலுடா இது" என்றார். இரண்டு படி இறங்கினார். மாதக்கணக்கில் படுத்துக்கிடந்த கால் நேராக இருந்தும் நடுங்கியது. நின்றார். தெலுங்கில் ஏதோ முனகினார். பிறகு கையை நீட்டி, நாச்சிமுத்துவின் இடது தோளைப் பிடித்துக்கொண்டார். குட்டைக் காலின் பக்கம் அது. மற்றத் தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்ததால், பிடித்துக்கொள்ள அவருக்கு வாகாக இருந்தது.